ஒரு யுகம் எவ்வளவு நேரம்

பாப்பா,

கல்யாணத்துக்கு இன்னும் இருபத்திரண்டு நாள் இருக்கிறது. பத்திரிகை கொடுக்கப் போகிற வேலையில் பாதி முடிந்துவிட்டது, மீதியை உன் அப்பா பார்த்துக்கொள்கிறார். போனில் பேசியே பிழைத்தவள் நான் என்பது உனக்குத் தெரியும். ஆனாலும் இதைப் போனில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். இதை நீ மட்டும் படிக்க வேண்டும் என்றில்லை. உன் மாமியார் வீட்டில் எல்லோரும் படிக்கலாம். அவர்கள் முன்னால்தான் அந்தக் கதையை நீ சொன்னாய், அதில் ஓர் இடம் தப்பு. அதைத் திருத்த வேண்டியவள் நான்.

நிச்சயதார்த்தத்தன்று சாப்பாடு முடிந்து எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது, அப்பாவைப் பாம்பு கடித்த நாளில் நீ கடையிலிருந்து எனக்குப் போன் செய்த கதையைச் சொன்னாய். உனக்கு அப்போது எட்டு வயது. இரண்டு தடவை லைன் அறுந்துபோனதாகவும் மூன்றாவது தடவைதான் கிடைத்ததாகவும் சொல்லிவிட்டு, "இட் டுக் ஃபாரெவர்" என்று சிரித்தாய். மாப்பிள்ளையின் சித்தப்பா, அந்தக் காலத்துப் போனே அப்படித்தான் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். டம்ளர்கள் இன்னும் காலியாகக்கூட இல்லை. நீ கவனித்திருக்க மாட்டாய்.

முதலில் இருந்து சொல்கிறேன். நீ பிறப்பதற்கு இரண்டு வருடம் முன்பு, மண்ணூர்பேட்டையில் மின்சார ஸ்விட்ச் செய்கிற ஒரு கம்பெனியில் நான் அட்டைப்பெட்டி ஒட்டுகிற வேலைக்குச் சேர்ந்தேன். என் அப்பா அம்மா இருவரும் பாரிவாக்கத்தில் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டுக் களை எடுத்தவர்கள். எங்கள் தெருவில் பன்னிரண்டாவது முடித்த முதல் பெண் நான், அதுவும் தமிழ் மீடியம். ஒருநாள் போன் போர்டில் இருந்த பெண் பிரசவத்துக்குப் போய்விட்டாள். பேக்கிங் பகுதியில் நான் பெட்டி எண்ணிக்கை சொல்லிக் கத்துவதைக் கேட்டிருந்த மேனேஜர், குரல் தெளிவாக இருக்கிறது என்று என்னைக் கூட்டிப்போய் அந்த நாற்காலியில் உட்காரவைத்தார். காதில் மாட்டிக்கொள்ளும் கருவி, வரிசையாக விசைகள், வெளியிலிருந்து அழைப்பு வந்தால் எரிகிற சிறு விளக்குகள். எனக்குத் தெரிந்த ஆங்கிலம் குட்மார்னிங்கும் ஹோல்ட் ஆனும்தான்.

அந்த முன்னறையில் டைப் அடிக்கிறவளாக மாரின் இருந்தாள். ஆங்கிலோ இந்தியப் பெண், சட்டைக்காரி என்போம், பெரம்பூரிலிருந்து ரயிலில் வருவாள், எனக்கும் அவளுக்கும் ஒரே வயது. அவள் வீட்டில் ஆங்கிலம், தெருவில் நம்ம மெட்ராஸ் தமிழ். அவள் பேசுகிற ஆங்கிலத்தில் எதுவுமே அதன் அளவில் இருக்காது. ரயில் பத்து நிமிடம் தாமதமானால் 'ஏஜஸ்' என்பாள். ஏஜ் என்றால் வயது என்று எனக்குத் தெரியும். பத்து நிமிடத்தில் எத்தனை வயது போகும் என்று மனதுக்குள் கணக்குப் போடுவேன். டீ வரவில்லை என்றால் 'இடர்னிட்டி' ஆகிவிட்டது, முடிவே இல்லாத காலம் ஆகிவிட்டது என்பாள். மாரினைத் தப்பு சொல்லிப் பயனில்லை, போனில் வந்தவர்களும் அப்படியே பேசினார்கள். ஒரு செகண்ட் என்று சொல்லிவிட்டு அரைமணி நேரம் காக்கவைப்பார்கள், இரண்டு நிமிடம் காத்திருந்தால் ஒரு தலைமுறையே போய்விட்டதாகச் சொல்வார்கள். இவ்வளவு பெரிய பெரிய பொய்களைக் கூசாமல் சொல்கிற ஒரு பாஷை உலகத்தையே ஆண்டிருக்கிறதே என்று எனக்கு மலைப்பாக இருந்தது.

ஒரு தடவை பெரிய வாடிக்கையாளர் ஒருவர் லைனில் இருந்தார். மேனேஜர் வேறு லைனில் பேசிக்கொண்டிருந்ததால் அவரைக் காக்கவைத்திருந்தேன். திரும்ப எடுத்தபோது அவர் கோபமாக என்னவோ சொன்னார், அதில் 'டாங்கி' என்ற வார்த்தை மட்டும் என் காதில் விழுந்தது. எனக்குச் சுருக்கென்றது. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தை எல்லாம் கூட்டி, "சார், ப்ளீஸ், ஐ ஆம் நாட் டாங்கி" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். பத்து நிமிடத்தில் மேனேஜர் அறைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன். மாரின் கூடவே வந்து, அந்த ஆள் சொன்னது 'டாங்கீஸ் இயர்ஸ்', ரொம்ப வருஷமாகக் காத்திருக்கிறேன் என்று அர்த்தம், இவளைக் கழுதை என்று சொல்லவில்லை, ஆனால் இவளுக்கு எப்படித் தெரியும் என்று எனக்காகப் பேசினாள். மேனேஜர் சிரித்துவிட்டார். வெளியே வந்து, கழுதைக்கும் வருஷத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அவளைக் கேட்டேன். இயர் என்றால் காது, இயர்ஸ் என்றால் வருஷமும் ஆகும், கழுதைக் காது நீளம், அவ்வளவு நீளமான வருஷம் என்றாள். எங்கள் தொழிற்பேட்டை வாசலில் அப்போதெல்லாம் துணிமூட்டைக் கழுதைகள் போகும். அன்று சாயங்காலம் பஸ்ஸுக்கு நின்றபோது ஒரு கழுதையின் காதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது எனக்கு அவ்வளவு நீளமாகத் தெரியவில்லை.

மாரினும் நானும் மதியச் சாப்பாட்டின்போது இதையே பேசிச் சிரிப்போம். 'மாடுகள் வீடு திரும்பும்வரை' என்று அவர்கள் சொன்னால் முடிவே இல்லாத நேரமாம். நான் மாடு மேய்த்தவள், விளக்கு வைக்கும் முன்பே மாடு தானாக வந்து வாசலில் நிற்கும் என்று சொன்னேன். அவள் அதை நம்பவில்லை. பெரம்பூரில் மாடு எந்நேரமும் நடுரோட்டில்தான் இருக்கும் என்றாள். 'ஒரு மாதம் முழுக்க ஞாயிற்றுக்கிழமை' என்று இன்னொன்று, அதுவும் ரொம்ப நீளமான காலமாம். எனக்கு வாரத்திலேயே சின்ன நாள் ஞாயிற்றுக்கிழமைதான். துவைக்க வேண்டும், ரேஷனுக்குப் போக வேண்டும், எண்ணெய் தேய்த்துக் குளிக்க வேண்டும், அதற்குள் பொழுது சாய்ந்துவிடும். "ஞாத்திக்கெழம நீளம்னு சொன்னவன் ஆம்பளையாத்தான் இருப்பான்" என்றேன். மாரினுக்குப் புரையேறிவிட்டது. பதிலுக்கு நான் அவளுக்கு மாமாங்கம் சொல்லிக்கொடுத்தேன். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவது, ஆனால் நாங்கள் போன வாரம் பார்த்தவரைப் பார்த்துக்கூட மாமாங்கம் ஆச்சு என்போம் என்றேன். யுகமும் சொன்னேன். ஒரு யுகத்துக்கு எத்தனை லட்சம் வருஷம் என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. லட்சம் என்று கேட்டதும் அவள் கையெடுத்துக் கும்பிட்டு, அதற்குமேல் தன்னிடம் எதுவும் இல்லை என்றாள்.

அந்த யுகத்தை வைத்து நான் செய்த தப்பைத்தான் இப்போது எழுதப் போகிறேன்.

நீ இரண்டு வயதில் நன்றாகப் பேசினாய். நாலு வயதில் திக்க ஆரம்பித்தது. ஒரு வார்த்தையின் வாசலில் போய் நிற்பாய், கதவு திறக்காது. கழுத்து நரம்பு புடைக்கும், கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாய். யாரோ சொன்னார்கள் என்று உன் நாக்கில் வசம்பைத் தேய்த்தேன். இன்னொருவர் சொன்னார் என்று கூழாங்கல்லை வாயில் போட்டுப் படிக்கவைத்தேன். எச்சிலோடு சேர்த்து நீ கல்லையும் விழுங்கப் போனதும் உன் அப்பாதான் அதைப் பிடுங்கி வெளியே எறிந்தார். இதெல்லாம் அறியாமை. அறிந்தே செய்தது வேறு. காலையில் ஏழு ஐந்துக்குப் பஸ், அடுப்பில் சோறு, நீ என் புடவையைப் பிடித்துக்கொண்டு என்னவோ சொல்ல வருவாய். நான் உன் வார்த்தையை உன் வாயிலிருந்து எடுத்து நானே சொல்லி முடிப்பேன். "தண்ணியா? பென்சிலா? வயித்த வலிக்குதா?" நான் சொன்னது தப்பாக இருந்தாலும் நீ தலையாட்டிவிடுவாய். அப்படித் தலையாட்டி எத்தனை நாள் வேண்டாத பென்சிலை வாங்கிக்கொண்டு போனாயோ. ஒருநாள் பஸ் போய்விட்டது. அந்த எரிச்சலில், "நீ ஒரு வார்த்த சொல்லி முடிக்கிறதுக்குள்ள ஒரு யுகம் பூடும்" என்று கத்திவிட்டேன். நீ அழவில்லை. என்னையே பார்த்தாய். பிறகு ரொம்பக் கஷ்டப்பட்டு, ஒவ்வொரு எழுத்தாக இழுத்து, "யுகம்னா எவ்ளோ?" என்று கேட்டாய். உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டாய். அவ்வளவு நேரத்தையா நான் வீணாக்குகிறேன் என்று அளந்து பார்க்க நினைத்தாய். நான் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டேன்.

அதற்கப்புறம் நீ வெளியாட்களிடம் பேசுவதையே நிறுத்திவிட்டாய். கடையில் பொருளைக் கையால் காட்டுவாய். பள்ளியில் வருகைப் பதிவுக்கு எழுந்து நிற்பாய், குரல் வராது. டீச்சர் பார்த்து எழுதிக்கொள்வார். நாங்களும் அதற்குப் பழகிவிட்டோம். பிள்ளை அமைதி என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டோம்.

அப்பா வேலை பார்த்த ஆவடித் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ் கிடைப்பதாக இருந்து கிடைக்காமல் போனதால், பாரிவாக்கத்தில் புதிதாகப் பிரித்த மனையில் இரண்டு அறை கட்டிக்கொண்டு போனோம். உனக்கு நினைவிருக்கும், அப்போது அங்கே மொத்தம் ஐந்து வீடு, அதில் மூன்று பூட்டிக் கிடக்கும், மற்றதெல்லாம் கருவேல முள். அரையாண்டுப் பரீட்சை லீவு. அப்பாவுக்கு அன்று வார விடுமுறை. நான் வேலைக்குப் போய்விட்டேன். பதினோரு மணிவாக்கில் அப்பா சுற்றுச்சுவருக்கு அடுக்கி வைத்திருந்த செங்கலை எடுத்தபோது, உள்ளேயிருந்த விரியன் கணுக்காலுக்கு மேலே கடித்துவிட்டது. அவர் துண்டால் கட்டுப்போட்டுக்கொண்டு நடக்கப் பார்த்தார், பத்தடிக்குமேல் முடியவில்லை. உன்னைக் கூப்பிட்டுச் சட்டைப்பையிலிருந்து ஒரு நோட்டைக் கொடுத்து, "ரோட்டாண்ட கடைக்கு ஓடு பாப்பா. அம்மாவுக்கு போன் போடு. பாம்பு கட்ச்சிச்சினு சொல்லு" என்றார். நம்பர் உனக்கு மனப்பாடம். ஆபத்துக்கு என்று நான் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

நீ ஓடினாய். முதலில் கடைக்காரரிடம்தான் போனாய் என்று பிற்பாடு அவர் என்னிடம் சொல்லி அழுதார். நீ அவர் முன்னால் நின்று வாயைத் திறந்தாய், சொல் வரவில்லை. கையில் நோட்டைப் பார்த்தவர், "இன்னா பாப்பா, சில்லறையா? போன் பண்ணவா?" என்று கேட்டு, ஒரு ரூபாய்க் காசுகளாக எண்ணிக் கொடுத்து, கடை வாசலில் இருந்த காசுப் போனுக்குக் கீழே ஸ்டூலையும் இழுத்துப் போட்டுவிட்டு, வந்த ஆளுக்குச் சாமான் கட்டப் போய்விட்டார். நல்ல மனுஷர். நான் தினமும் செய்ததைத்தான் அவரும் செய்தார்.

பாப்பா, இனி வருவதுதான் உனக்குத் தெரியாதது.

அந்த நாட்களில் எங்கள் போர்டுக்குப் பேசாத போன்கள் வரும். எடுத்தால் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். போர்டில் பெண் இருக்கிறாள் என்று தெரிந்துகொண்டு தொல்லை கொடுக்கிற யாரோ ஒருவன். குட்மார்னிங் சொல்லி மூன்று எண்ணுவதற்குள் யாரும் பேசவில்லை என்றால் வைத்துவிடு என்று மேனேஜர் சொல்லியிருந்தார். அன்று பதினொன்றேகால் இருக்கும். விளக்கு எரிந்தது, காசு விழும் சத்தம் கேட்டது, நான் குட்மார்னிங் சொன்னேன். பதில் இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று எண்ணி விசையைத் தூக்கினேன். மறுபடி விளக்கு எரிந்தது. மறுபடி காசுச் சத்தம், மூச்சு. இந்தத் தடவை நான் மூன்றுகூட எண்ணவில்லை.

லைன் அறுந்துபோகவில்லை. இரண்டு தடவையும் அறுத்தவள் நான். உன் மூச்சைக் கேட்டுவிட்டுத்தான் அறுத்தேன்.

மூன்றாம் தடவை விளக்கு எரிந்தபோது, திட்டுவதற்கு வார்த்தையைத் தயாராக வைத்துக்கொண்டுதான் எடுத்தேன். அப்போது அந்த மூச்சு ஓர் இடத்தில் தடுக்கி நின்றது. வார்த்தைக்கு முன்னால் நீ எச்சிலை விழுங்குகிற அந்தச் சின்னச் சத்தம் இருக்கிறதே, அதை இந்த உலகத்தில் எந்தக் கூட்டத்திலும் நான் அடையாளம் சொல்வேன். "பாப்பாவா?" என்றேன். வழக்கம்போல அடுத்தடுத்துக் கேட்க நாக்கு துடித்தது. பசிக்குதா, கீழே விழுந்தியா, அப்பா எங்கே. கேட்டால் நீ தலையாட்டுவாய். நீ தலையாட்டினால் அது எனக்குப் போனில் கேட்காது. அது எனக்கு எப்படி அந்த நேரத்தில் தோன்றியது என்று இன்றுவரை தெரியவில்லை. "சொல்லு கண்ணு. அம்மா கீறேன். மெதுவா சொல்லு" என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

எதிரில் சுவர்க் கடிகாரம். விநாடி முள் சிவப்பு நிறம். மற்ற விளக்குகள் எல்லாம் எரிய ஆரம்பித்தன, மேனேஜர் உள்ளிருந்து மணி அடித்தார். மாரின் என் முகத்தைப் பார்த்துவிட்டு டைப் அடிப்பதை நிறுத்தினாள். அந்தப் பக்கம் நீ ஓர் எழுத்தோடு போராடிக்கொண்டிருந்தாய். 'ப' வந்தது, போயிற்று, மறுபடி வந்தது. அந்த முள் நகர்வதை நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன், ஆனால் அது நகர்ந்ததாகவே தெரியவில்லை. நான் பிறந்தது, உன்னைப் பெற்றது, உன் நாக்கில் வசம்பு தேய்த்தது, செருப்பை மாட்டிக்கொண்டு போனது, எல்லாம் அதற்குள் ஒவ்வொன்றாக வந்து நின்று போயிற்று, அப்புறமும் இடம் மீதி இருந்தது. மாரினும் மற்றவர்களும் சொன்னது பொய் இல்லை என்று அன்றுதான் தெரிந்தது. ஏதோ ஒரு தேசத்தில் யாரோ ஒருத்தி வாசலில் நின்று திரும்பி வராத மாட்டுக்காகக் காத்திருக்கிறாள். அவளுக்கு அந்தச் சாயங்காலம் முடியவே இல்லை. அதை வேறு எப்படிச் சொல்வாள்? எங்கோ கடலுக்கு அந்தப்பக்கம் இருந்தவர்களும் பாரிவாக்கத்தில் களை எடுத்தவர்களும் ஒருவரை ஒருவர் பார்க்காமலேயே ஒரே இடத்தில் வந்து நின்றிருக்கிறார்களே என்று அப்புறம் பலநாள் நினைத்து நினைத்து வியந்திருக்கிறேன்.

"ப்ப்பா... பாம்பு" என்றாய்.

கடிகாரத்தில் நாற்பது விநாடி ஆகியிருந்தது.

போனைக் கடைக்காரரிடம் கொடுக்கச் சொன்னேன். அவர் எடுத்ததும் இரண்டு வாக்கியம் சொன்னேன். அவர் கடையை அப்படியே போட்டுவிட்டு, ரோட்டில் போன பால் வண்டியை மறித்து, அப்பாவைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். நான் கம்பெனி வண்டியில் போய்ச் சேர்ந்தபோது ஊசி போட்டு முடித்திருந்தார்கள். நீ வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய், மீதிக் காசு உள்ளங்கையில் வேர்த்துப் போயிருந்தது. டாக்டர், நேரத்துக்குக் கொண்டுவந்தீர்கள், இன்னும் தாமதமாகியிருந்தால் சிறுநீரகம் போயிருக்கும் என்றார். அப்பா பதினேழு நாள் படுத்திருந்தார். காலில் அந்த இடம் மட்டும் இன்னும் மரத்துத்தான் இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் நீ அவரிடம், லைன் ரெண்டு தடவை அறுந்துபோச்சு என்று சொன்னாய். அவர் உன் தலையைத் தடவி, அப்படியும் விடாமல் போட்டாயே என்றார். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். சொல்லியிருக்கலாம். சொன்னால், உன் மூச்சையே அம்மாவுக்குத் தெரியவில்லை என்று நினைப்பாய் என்று பயந்தேன். பிறகு வருஷங்கள் போகப் போக அது உன் கதையாகிவிட்டது, உனக்குப் பெருமையான கதை. அதில் கைவைக்க எனக்கு உரிமை இல்லை என்று சாக்குச் சொல்லிக்கொண்டேன்.

இத்தனை வருஷத்தில் என்னை விடாமல் பிடித்திருப்பது அந்தப் பயம்கூட இல்லை. எட்டு வயதுக் குழந்தை, வெளியாளிடம் ஒரு சொல் பேசாதவள், இரண்டு தடவை அம்மா குரலைக் கேட்டு, இரண்டு தடவையும் அது அறுந்துபோனபின், மூன்றாம் தடவை ஸ்டூலில் ஏறி மறுபடி நம்பரைச் சுழற்றியிருக்கிறாள். எனக்கு அந்த இடத்தில் கைகூப்பத்தான் தோன்றுகிறது. அந்த மனம் உனக்கு எங்கிருந்து வந்தது? என்னிடமிருந்து வந்திருக்க முடியாது. நான் மூன்று எண்ணக்கூடப் பொறுக்காதவள்.

அதற்குப் பிறகு உன் வார்த்தையை நான் எடுக்கவில்லை என்று நினைக்கிறேன். எடுத்திருந்தால் மன்னித்துக்கொள். நீ வளர்ந்தாய், திக்கல் குறைந்தது, முழுக்கப் போகவில்லை. போக வேண்டும் என்று நான் வேண்டுவதையும் விட்டுவிட்டேன். இப்போது நாற்பது பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறாய். உன் வகுப்பில் எந்தக் குழந்தை தயங்கி நின்றாலும் மற்றப் பிள்ளைகள் பேசாமல் காத்திருப்பார்கள் என்று உன் தோழி சொன்னாள். கேட்டுவிட்டு அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

புத்திமதி என்று பெரிதாக எதுவும் இல்லை. மாப்பிள்ளை அலுவலகம் விட்டு வந்து எதையோ சொல்லத் தொடங்கினால் நீ முடித்துவைக்காதே. மீதி எனக்குத் தெரியும் என்று அடுப்படிக்குப் போகாதே. திக்காதவர்களுக்கும் வராத சொற்கள் உண்டு. உன் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பயமாக இருந்தது என்று என்னிடம் சொல்ல அவருக்கு ஆறு வருஷம் ஆயிற்று. மாப்பிள்ளையைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. நிச்சயதார்த்தத்தில் அவருடைய பெரியம்மா உன் பெயரைக் கேட்டார். உனக்கு எப்போதுமே உன் பெயரில்தான் பேச்சு அதிகம் நிற்கும், அன்றும் நின்றது. அந்த அம்மாள் உதவிக்கு அவரைப் பார்த்தார். அவர் சொல்லவில்லை. சிரிக்கவும் இல்லை, தலையைக் குனியவும் இல்லை. உன் பெயரைத் தானும் முதல் தடவை கேட்கப்போகிற மாதிரி உன்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு அது போதும்.

இதைப் படித்ததும் உனக்குக் கோபம் வரலாம், வர வேண்டும். உடனே பேசத் தோன்றாவிட்டால் பரவாயில்லை. என்று தோன்றுகிறதோ அன்று போன் போடு. எடுத்ததும் உனக்கு வார்த்தை வரவில்லை என்றாலும் அவசரப்படாதே.

நான் வைக்க மாட்டேன்.

அம்மா